மலையூரின் தலைக்கணக்கும் ஜீவனக்கணக்கும்

ஒரு சிறிய மலையூரைப்பற்றிச் சர்க்கார் கச்சேரியில் விசாரித்தால் முதலில் கிடைப்பவை இரண்டு எண்களே. ஊரில் வசிப்போர் இத்தனை பேர். அவர்களில் பயிரிடுவோர் இத்தனை, கூலிவேலை செய்வோர் இத்தனை. இவ்வெண்களை ஆதாரமாகக் கொண்டே அவ்வூருக்கு விதை வருகிறது, உரம் வருகிறது, பள்ளிக்கூடமும் பாதையும் வருகின்றன. அல்லது வராமற் போகின்றன. எண்கள் பொய்யல்ல. வீடுவீடாக ஏறி இறங்கிச் சிரத்தையுடன் எடுக்கப்பட்டவையே. ஆயினும், சமவெளிக் கிராமத்தை அளப்பதற்கென்று செய்த மரக்காலைக் கொண்டு மலையூரை அளக்கும்போது தலைகளும் சில விட்டுப்போகின்றன. ஜீவனமோ பெரும்பாலும் விட்டுப்போகிறது. இதனால் மலைவாசிகளுக்கு நேரும் நஷ்டம் சொற்பமன்று. கொல்லிமலையை உதாரணமாகக் கொண்டு பார்த்தால் இவ்விஷயம் எளிதில் விளங்கும்.

கொல்லிமலை நாமக்கல் ஜில்லாவில் கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்தது. அடிவாரமாகிய காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மேலே ஏறிவிட்டால் ஒரே சமதரையும் இல்லை, ஒரே சரிவும் இல்லை. கடல் மட்டத்திற்குமேல் சுமார் 3,000 அடி முதல் 4,000 அடிவரை மேடும் பள்ளமுமாக விரிந்த பூமி. இங்கே வசிப்போரில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இவர்களைக் கேரள தேசத்தார் என எண்ணுவோர் சமவெளியில் இன்றும் உண்டு. மலையை ஆள்வோர் என்பதே பெயரின் பொருள்; தாய்மொழி தமிழ்; தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்பது இவர்களது பழவழக்கு. 2011-ம் வருஷத்திய குடிமதிப்பின்படி தமிழ்நாட்டிலுள்ள பழங்குடியினர் மொத்தம் 7,94,697 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர் மலையாளிகள். இம்மாநிலத்துப் பழங்குடிகளில் இவர்களே அதிகத் தொகையினர். கொல்லிமலையோடு பச்சைமலை, சேர்வராயன்மலை, கல்ராயன்மலை, சித்தேரிமலை, ஜவ்வாதுமலை முதலிய இடங்களிலும் பரவியுள்ளனர்.

கொல்லிமலை பழையகாலந் தொட்டே பதினான்கு நாடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, ஆலத்தூர் நாடு என்பன போன்றவை அவை. ஒவ்வொரு நாட்டிலும் சிதறிக்கிடக்கும் சிற்றூர்கள் பல. முப்பது வீடு, நாற்பது வீடு உள்ளதே ஓர் ஊர். ஓர் ஊரிலிருந்து எதிரே கண்ணுக்குத் தெரியும் மற்றோர் ஊருக்குப் போகப் பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறவேண்டும். நிலமும் அப்படியே பலவகை. ஓடையை ஒட்டிய பள்ளத்தாக்கில் படிப்படியாக வெட்டிய நெல் வயல், அதற்குமேல் மேட்டாங்காடு, அதற்கும் மேல் கல்லுஞ் சரளையுமான சரிவு. ஒரு குடும்பத்துக்கு இம்மூன்றிலும் கொஞ்சங்கொஞ்சம் இருக்கும். மூன்றையும் கூட்டி இத்தனை ஏக்கரா என்று பதிவேட்டில் ஒரே எண்ணாக எழுதினால், அந்நிலத்தைப்பற்றி உபயோகமானது ஒன்றும் தெரியவராது.

இனி அத்தகைய ஒரு குடும்பத்தின் வருஷத்தைப் பார்க்கலாம். சித்திரையில் கோடைமழை விழுந்ததும் மேட்டாங்காடு உழப்படும். மரவள்ளிக் குச்சி நடுவதும் அப்போதே. தேனெடுப்போர் பாறைக்குச் செல்வதும் அக்காலத்திலேயே. வைகாசி முதல் ஆடிவரை பலாப்பழம்; அன்னாசியும் சந்தைக்கு வரும். ஆனியில் சரிவுகளில் சாமை விதைப்பு. உடன் அவரை, துவரை, ஆமணக்கு, கடுகு இவற்றில் ஏதேனும் கலந்து விழும். ஆடி ஆவணியில் பள்ளத்து வயலில் நடவு. ஐப்பசியில் சாமை அறுப்பு. மார்கழி தையில் நெல் அறுப்பும், காப்பிப்பழம் பறிப்பும், மிளகு பறிப்பும், மரவள்ளி பிடுங்குதலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நெருக்கும். தை முதல் பங்குனிவரை காட்டில் கடுக்காய், புளி, சீமார்ப்புல். இடையிடையே வீடு மேய்தல், கோழி, ஆடு, பிறர் காட்டில் கூலி, பாதைவேலை. மிளகுக்கொடி சொந்தமாக இல்லாதவரும், இருந்தும் போதாதவரும், வயநாட்டுக்கும் குடகுக்கும் மிளகும் காப்பியும் பறிக்கப் போய்விடுவர். சிலர் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வர். வாலிபர் சிலர் திருச்செங்கோட்டுப் போர்வெல் லாரிகளோடு வடதேசம்வரை செல்கின்றனர். சிலர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும், நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்கும் இறங்குகின்றனர்.

இக்குடும்பத்தின் தொழில் யாது? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை எழுத வேண்டியிருப்பதே கஷ்டத்தின் ஆரம்பம். 2001-ம் வருஷக் குடிமதிப்பு முதல், வேலை செய்வோர் நான்கே வகையினராகப் பிரிக்கப்பட்டனர்: பயிரிடுவோர், விவசாயக் கூலிகள், வீட்டுக் கைத்தொழில் செய்வோர், இதர வேலைக்காரர். முந்திய ஒரு வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முழு வேலைக்காரர். அதற்குக் குறைந்தவர் குறைவேலைக்காரர். சமவெளியில் ஆற்றுப்பாய்ச்சல் கிராமத்திற்கு இப்பிரிவு ஒருவாறு பொருந்தும். மலையில் என்ன ஆகிறது? சாமை விதைப்பவன் பயிரிடுவோனாகிறான். அவனே தன் கொல்லையில் வளர்க்கும் காப்பி, குடிமதிப்பின் விதிப்படி பயிர்த்தொழிலே அன்று; அது தோட்டத்தொழிலைச் சேர்ந்து இதர வேலையாகிறது. தேனும் கடுக்காயும் அவ்வாறே இதரம். குடகுக்குப் போய் மிளகு பறிக்கும் இரண்டு மாதமும் இதரம். எந்த வேலையில் அதிக நாள் செலவாயிற்று என்று கணக்கர் கேட்கிறார். அன்றைய நினைவில் எது முந்துகிறதோ அதை அவர் சொல்கிறார். சாமையையும் ராகியையும் வேளைக்கு வேளை உரலிலிட்டுக் குற்றும் ஸ்திரீயின் உழைப்போ, வீட்டுக்காரியம் என்ற பெயரில் கணக்குக்கே வெளியே நிற்கிறது. ஆறேழு கால்களில் நிற்கும் ஜீவனம் இவ்வாறு ஒற்றைக்காலாகப் பதிவாகிறது.

தலைக்கணக்கிலும் ஒரு சங்கடம் உண்டு. அது இன்னும் குறைவாகவே கவனிக்கப்படுகிறது. 2011-ல் தலைகளை எண்ணிய நாட்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்நாட்களில் ஒரு நாளேனும் வீட்டில் இருந்தவர் அவ்வூரில் எண்ணப்படுவர். அந்நாட்கள் முழுவதும் வெளியூரில் இருந்தவர் அங்கே அகப்பட்ட இடத்தில் எண்ணப்பட வேண்டியவர். இது நியாயமான விதிதான். ஆனால் அந்நாட்கள் தை பிற்பகுதியும் மாசி முற்பகுதியுமாகும். வயநாட்டிலும் குடகிலும் மிளகுக்கு ஆள் தேவைப்படும் பருவம் அதுவே. மலையூரில் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் கணக்கர் வந்து நிற்கிறார். பூட்டிய வீட்டார், தோட்டத்து லயங்களில் அகப்பட்டால் குடகு ஜில்லாவின் ஜனத்தொகையில் சேர்வர். அகப்படாவிட்டால் எங்கும் சேரார். நாற்பது வீட்டு ஊரில் பத்து வீட்டார் இவ்வாறு விட்டுப்போனால் காற்பங்கு ஜனங்கள் மறைந்தாயிற்று. ஆயிரம் வீட்டு ஊரில் பத்து வீடு மறைவது ஒரு பொருட்டன்று. ஊர் எவ்வளவுக்குச் சிறியதோ அவ்வளவுக்குப் பிழை பெரிது.

வேறு மலைகளின் விஷயத்தில் சர்க்கார் இதைக் கவனியாமல் இல்லை. லடாக், காஷ்மீரம், ஹிமாசலப் பிரதேசம், உத்தரகண்டம் ஆகியவற்றின் பனிமூடும் பகுதிகளில் பிப்ரவரியில் செல்ல முடியாது என்பதால், 2011-ம் வருஷக் கணக்கை அங்கே 2010 அக்டோபர் முதல் தேதியைக் குறியாக வைத்து முன்னதாகவே எடுத்தனர். 2021-ல் நடக்கவேண்டிய குடிமதிப்பு தொற்றுநோய்க் காலத்தில் ஒத்திவைக்கப்பட்டது. அதன்பின் அறிவிக்கப்பட்ட குறிதேதியும் தேசத்தின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச்சு 1. பனிப்பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1. பனி வந்து மூடும் ஊருக்கு உள்ள இச்சலுகை, பிழைப்பு வந்து கலைக்கும் ஊருக்கு இல்லை. குடிமதிப்புத் தேதியை மாற்றும் அதிகாரம் விவசாய இலாகாவுக்கு இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் மாசிமாதத்து எண்ணை வருஷம் முழுவதற்கும் பொருந்தும் எண்ணாக எடுத்துக்கொண்டு அதன்மேல் திட்டம் கட்டாதிருப்பது இலாகாவின் கையில்தான் இருக்கிறது.

வெளியே போகிறவர்கள் எங்கே போகிறார்கள், யாரிடம் முன்பணம் வாங்கிப் போகிறார்கள் என்பதை ஊரில் கூட முழுதும் அறியார். 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திர நாட்டுச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டவந்தவர்கள் என்று சொல்லப்பட்ட 20 பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களிற் பலர் ஜவ்வாதுமலை, சித்தேரிமலைப் பக்கங்களிலிருந்து சென்றவர்கள். அச்சம்பவத்தின் நியாய அநியாயம் ஒரு விவசாயப் பத்திரிகை தீர்மானிக்கத்தக்கதன்று. ஆனால் மழைக்காலத்தில் சாமை விதைக்கும் கை, கோடையில் அங்கே போகும்படி நேர்ந்த காரணம் விவசாயத்தைச் சேர்ந்தது. மலையில் அந்த மாதங்களுக்கு வேலை இல்லை, தொம்பையில் தானியம் இல்லை, கையில் ரொக்கமும் இல்லை என்பதை எந்தப் பதிவேடும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

தொம்பையில் தானியம் குறைந்த கதையைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். கொல்லிமலையின் பழைய உணவு சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு. ஒவ்வொன்றிலும் மலையார் தாமே பொறுக்கி வைத்த ரகங்கள் பல. சாமையில் மட்டும் கட்டவெட்டி, சடஞ்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. எந்தச் சரிவுக்கு எது, மழை முந்தினால் எது, பிந்தினால் எது என்பது வயதான ஸ்திரீகளுக்கே நன்கு தெரியும். ஏனெனில் விதை எடுத்து வைப்பது அவர்கள் பொறுப்பு. பாதை ஏற்பட்டு லாரி ஏறத் தொடங்கிய பின்னர் மரவள்ளி வந்தது. சேலத்தில் 1940-களில், யுத்தகாலத்தில், கீழ்த்திசை நாடுகளிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது சிறு கைத்தொழிலாக ஆரம்பித்த ஜவ்வரிசி உற்பத்தி, பிற்காலத்தில் பல ஆலைகளாகப் பெருகியது. அவ்வாலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமாகிய சேகோசர்வ் 1981-ல் ஏற்பட்டது. இவ்வாலைகளின் பசி சமவெளி மரவள்ளியால் மட்டும் தீரவில்லை, மலைக்கும் ஏறியது.

மரவள்ளியைக் குறைகூறுவது எளிது, அது நியாயமாகாது. ஏறக்குறைய பத்து மாதத்தில் மொத்தமாக ரொக்கம் தரும் பயிர் மலைக்கு அதுவே முதல். கூரைவீடு ஓட்டுவீடானதும், பிள்ளைகள் ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் தங்கிப் படிக்கத் தொடங்கியதும் பெரும்பாலும் மரவள்ளிப் பணத்தால்தான். மழை தப்பினாலும் முற்றிலும் பொய்க்காது. கிழங்கை மண்ணிலேயே விட்டுவைத்துச் சில வாரம் தாமதித்துப் பிடுங்கலாம். ஆனால் அதன் விலை மலையில் நிர்ணயமாவதில்லை. கிழங்கிலுள்ள மாவுச்சத்தைப் பாயிண்டு பார்த்து ஆலையில்தான் விலை போடுகிறார்கள். 70 வளைவு இறங்கி வந்த சரக்கைத் திரும்ப ஏற்றிச்செல்ல முடியாதென்பது வாங்குவோருக்கும் தெரியும், விற்போருக்கும் தெரியும்.

நிலத்திற்கும் ஒரு செலவு உண்டு. சாமை நெருக்கமாக முளைத்துச் சில வாரத்தில் சரிவை மூடிவிடும். மரவள்ளியோ மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் நடப்படுவதால் முதல் இரண்டு மூன்று மாதம், அதாவது மழை வேகமாக அடிக்கும் மாதங்களில், மண் திறந்தே கிடக்கிறது. பிடுங்கும்போது மண் மறுபடி கிளறப்படுகிறது. சாமைத்தாள் மாட்டுக்குத் தீனி. மரவள்ளிக்குத் தாள் இல்லை. தாள் குறைய மாடு குறைந்தது. மாடு குறைய எருக்குறைந்தது. எருக் குறைய மூட்டை உரம் வாங்கவேண்டியதாயிற்று. அதற்கு ரொக்கம் வேண்டும். ரொக்கத்திற்கு மறுபடி மரவள்ளியே. இச்சுழலில் ஒருமுறை அகப்பட்ட குடும்பம், சாமைக்குத் திரும்ப வேண்டுமென்று விரும்பினாலும் ஒரே வருஷத்தில் திரும்ப முடிவதில்லை. 2020-ல் கேரளத்தில் முதலிற் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவில் சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலும் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது. அதை அடக்குவதற்கு ஆப்பிரிக்காவில் பெனின் தேசத்திலிருந்து ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. நல்ல காரியமே. ஆனால் வேறு பயிரும் தொம்பையும் வைத்திருந்த குடும்பத்துக்கு அப்பூச்சி ஒரு நஷ்டம். மரவள்ளி ஒன்றையே நம்பியிருந்த குடும்பத்துக்கு அது மிளகு பறிக்கப் போகும் டிக்கெட்டு. பதிவேட்டிலோ இரு குடும்பத்தாரும் பயிரிடுவோர் என்ற ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கின்றனர்.

சாமை குறைந்ததற்கு மரவள்ளி மட்டும் காரணமன்று. ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாயாகவும், 2008-ல் 1 ரூபாயாகவும் குறைந்து, 2011 ஜூன் முதல் இலவசமாயிற்று. ஆடி ஆவணியில் பழைய தானியம் தீர்ந்து புதியது வராத இடைவெளியில், கிழங்கையும் கீரையையும் உண்டு காலந்தள்ளிய குடும்பங்களுக்கு இவ்வரிசி செய்த உபகாரத்தை மறுப்பவர் மலையின் பசியை அறியாதவர். மற்றொரு காரணம் உரல். சாமையின் உமி எளிதில் பிரியாது. காட்டுவேலை முடித்து வந்த ஸ்திரீ, ஒரு வேளைச் சோற்றுக்காக நெடுநேரம் குற்றிப் புடைக்கவேண்டும். அரிசியோ மூட்டையிலிருந்து நேரே பானைக்குப் போகிறது. எதை அவள் தேர்ந்துகொள்வாள் என்று கேட்கவும் வேண்டுமா? சிறுதானியத்தின் சத்தைப்பற்றிப் பிரசங்கம் செய்த உத்தியோகஸ்தர் யாரும் உலக்கை பிடித்ததாகத் தெரியவில்லை. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களின் பிற்பகுதி முதல் இம்மலையில் விதைக் களஞ்சியங்களையும், பெண்கள் குழுக்கள் நடத்தும் உமி நீக்கும் இயந்திரங்களையும் ஏற்படுத்தினர். இயந்திரம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஊரில்தான் சாமைச்சோறு அடுப்பில் ஏறும் என்பது, உரல் பிடித்தவளைக் கேட்டால் உடனே கிடைக்கும் விடை.

இங்கேதான் இலாகாவின் நடைமுறை ஆலோசிக்கத்தக்கது. ஒரு மலையூருக்கு இத்தனை பயிரிடுவோர் எனக் கணக்கு இருந்தால், அத்தனை பேருக்கும் ஒரே ரக விதை, ஒரே அளவு மூட்டையில், ஒரே வாரத்தில் அனுப்பப்படுகிறது. விதை நல்லதே. ஆயினும் அது வந்து சேர்வது, மேட்டாங்காட்டில் மரவள்ளிக் குச்சி ஊன்றி முடிந்தபின். அல்லது விதைக்கவேண்டிய ஆண்மக்கள் போர்வெல் லாரியோடு மராட்டத்தில் இருக்கும்போது. மூட்டை வாங்கப்படுகிறது, கையெழுத்து ஆகிறது, இலக்கு நிறைவேறுகிறது. விதைத்தது எவ்வளவு, கோழிக்குப் போனது எவ்வளவு என்று யாரும் எழுதுவதில்லை. மறுவருஷம் விளைச்சல் இல்லையென்றால், மலைவாசிகளுக்குச் சிரத்தை போதாது என்ற குறிப்பு எழுதப்படுகிறது. இக்குறிப்பைப்போல் அநியாயமானது வேறில்லை. பன்னிரண்டு மாதத்தையும் ஏழெட்டுத் தொழில்களால் இட்டு நிரப்பி, ஒன்று தவறினால் மற்றொன்றால் குடும்பத்தைக் காப்பாற்றும் ஜனங்களுக்குச் சிரத்தை இல்லையென்பது, கணக்கின் பிழையை மனிதர்மேல் ஏற்றுவதாகும்.

செய்யத்தக்கது பெரிய காரியம் அன்று. குடிமதிப்பு எண்ணோடு நில்லாமல், ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு ஜீவனப் பதிவேடு இலாகாவால் வைக்கப்படவேண்டும். வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கத்தில் சித்திரை முதல் பங்குனிவரை பன்னிரண்டு கட்டங்கள். அந்த மாதத்தில் வீட்டில் யார் இருந்தார், யார் எங்கே போயிருந்தார், எந்த வேலையில் என்ன வந்தது, உணவு எங்கிருந்து வந்தது: சொந்தத் தொம்பையா, ரேஷனா, கடையா. நிலத்தைப் பள்ளம், மேடு, சரிவு என மூன்றாகப் பிரித்து எழுதவேண்டும். விதை எந்த ரகம், யார் எடுத்து வைத்தது என்பதும், உமி நீக்க எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்பதும் சேரவேண்டும். கேள்விகளை வீட்டு ஸ்திரீயிடமே கேட்கவேண்டும்; இது முக்கியம். புருஷர் ரொக்கக் கணக்கைச் சொல்வர். தானியக் கணக்கு அவளிடம்தான் இருக்கும். நாற்பது வீட்டு ஊருக்கு இது நாலைந்து நாள் வேலை. அதன்பின் வருஷத்துக்கு இருமுறை புதுப்பித்தால் போதும்.

களப்பணியாளருக்கு ஏற்கெனவே பதிவேடுகள் அதிகம், மேலும் ஒன்று ஏன் என்ற ஆட்சேபணை எழும். நியாயமே, செம்மேட்டிலிருந்து ஒவ்வோர் ஊருக்கும் ஏறி இறங்குவதற்கே அவருக்குப் பொழுது போதாது. ஆனால் இப்போதுள்ள பதிவேடுகளிற் பல, அனுப்பியதைக் காட்டுபவை. இருப்பதைக் காட்டுபவை அல்ல. அவற்றில் இரண்டைக் குறைத்து இதை ஒன்று சேர்த்தால் பாரம் ஏறாது. படித்த மலையாளிப் பெண்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றனர். சம்பளம் கொடுத்து அவர்களையே எழுதச் சொல்லலாம். வெளியார் கேட்டால் வராத விடை அவர்கள் கேட்டால் வரும். இன்னொரு ஆட்சேபணையும் உண்டு: யார் எங்கே போகிறார் என்று எழுதிவைத்தால் அது போலீஸார் கைக்குப் போகுமோ என்ற பயம். சேஷாசலத்துச் சம்பவத்துக்குப் பின் இப்பயம் வீண் என்று தள்ளத்தக்கதன்று. ஆகையால் பெயர்களை ஊரிலேயே, ஊர்க்கவுண்டர் பொறுப்பிலோ பெண்கள் குழுவின் பொறுப்பிலோ வைத்து, வீட்டு எண்ணும் மாதக் கணக்கும் மட்டும் இலாகாவுக்கு வரும்படி செய்வது உத்தமம்.

அப்பதிவேடு கையில் இருந்தால் சில காரியங்கள் தாமே தெளிவாகும். எந்த ஊரில் மார்கழி முதல் மாசிவரை வீடுகள் பூட்டுகின்றன என்று தெரிந்தால், அங்கே அம்மாதங்களில் வேலை தரும் மிளகுக்கொடியும் காப்பியும் சொந்தக் கொல்லையில் வளர உதவலாம்; கொடி காய்க்கும்வரை மூன்று நான்கு வருஷம் பொறுக்கவேண்டும் என்பதால் அதுவரை ஊரிலேயே கூலி கிடைக்கும் மண்வரப்பு, கல்வரப்பு வேலைகளைச் சரிவுகளில் நடத்தலாம். எந்த ஊரில் சாமை விதை இன்னும் இருக்கிறது, எந்த ஊரில் கிழவிகளோடு போய்விட்டது என்று தெரிந்தால், சமவெளியிலிருந்து மூட்டை அனுப்புவதற்குப் பதிலாக ஓர் ஊர் விதையை மற்றோர் ஊருக்கு விலைகொடுத்து வாங்கி அளிக்கலாம்.

தானியத்துக்குக் கிராக்கி வேண்டுமே எனின், அதற்கும் வழி இல்லாமலில்லை. 2023-ம் வருஷம் சர்வதேசச் சிறுதானிய வருஷமெனக் கொண்டாடப்பட்டது. அவ்வருஷமும் மத்திய சர்க்கார் ஆதார விலை கூறிய பயிர்களில் கேழ்வரகு இருந்ததேயன்றிச் சாமை, தினை, பனிவரகு இல்லை. அதே வருஷம் மே மாதத்தில் தமிழ்நாட்டில் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு அளிக்கும் ஏற்பாடு பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. கொல்லிமலை ரேஷன் கடைகளிலும் இவ்வாறே, அம்மலையிலேயே விளைந்து அம்மலையிலேயே உமி நீக்கிய சாமையைக் கொஞ்சம் வாங்கி அளித்தால், லாரிக்கூலி மிச்சம். பெண்கள் குழுவின் இயந்திரத்துக்கு வருஷம் முழுவதும் வேலை. விலையும் 70 வளைவு இறங்காமல் மலையிலேயே நிற்கும். எவ்வளவு கொள்முதல் செய்யலாம் என்பதற்கு மட்டும் கணக்கு வேண்டும். அக்கணக்கு இப்போது யாரிடமும் இல்லை.

பதிவை ஆரம்பிக்க உகந்த காலம் ஐப்பசி. சாமை அறுப்புக்காக வெளியே போனவர்களிற் பலர் அப்போது திரும்பியிருப்பர். களத்தில் தானியம் கண்ணெதிரே குவிந்திருக்கும். குடகுக்கு ஆள் அழைக்க முன்பணத்தோடு வரும் மேஸ்திரிகள் இன்னும் மலையேறியிருக்க மாட்டார்கள். மழை விட்ட நாளாகப் பார்த்து, காலை ஏழு மணிக்குமுன் ஊர் போய்ச் சேரவேண்டும். அதற்குமேல் சென்றால் வீடுகளில் குழந்தைகளும் கோழிகளுமே இருக்கும்.